பேக்கரிக்கு நான் எழுதிய சட்டப் புத்தகம்

என் அக்கா மகன் நம் புதுச்சேரியில் ஒரு பேக்கரி நடத்துகிறான். பெரிய கடை என்று சொல்ல முடியாது. முன்புறம் விற்பனை, பின்புறம் அடுப்பு, மாவு பிசையும் மெஷின், மேலே பாக்கெட் போடும் அறை. மாஸ்டரில் தொடங்கி வாசல் பெருக்கும் அம்மா வரை மொத்தம் 14 பேர்.

2018 ஆடி மாதம் ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தான்.

"மாமா, இத ரெண்டு நாளைக்குள்ள தமிழ்ல மாத்திக் குடுங்க. அவசரம்."

விஷயம் இதுதான். ஒரு ஓட்டல்காரர்கள் தினமும் காலையில் பன்னும் ரொட்டியும் இவனிடம் வாங்கிக் கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்துக்குக் கேட்ட காகிதங்களில் ஒன்று "பணியாளர் விதிமுறைக் கையேடு". இவனிடம் அப்படி ஒன்றும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று இணையத்தில் தேடி 31 பக்கம் இறக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் எந்தக் கம்பெனிக்கோ எழுதியது. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி செலுத்தும் நாள் விடுமுறை. ஜூரியாக நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு விடுப்பு. எந்த நேரத்திலும் எந்தக் காரணமும் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஏன்டா, நம்ம மாஸ்டர் ஜூரியா போவாரா?" என்றேன்.

"அதெல்லாம் யார் படிக்கப் போறாங்க மாமா? ஃபைல்ல இருந்தா போதும்."

இந்த "யார் படிக்கப் போறாங்க" என்ற வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "இத மொழிபெயர்க்க மாட்டேன். புதுசா எழுதித் தரேன், ஒரு மாசம் டைம் குடு" என்றேன். ஓட்டல்காரரிடம் அவன் எப்படியோ சமாதானம் சொல்லி ஒரு மாதம் வாங்கினான்.

1971இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்து 2009இல் ஓய்வு பெற்றவன் நான். 38 வருடம் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவன். நடத்தை விதிகள் 1964, விடுப்பு விதிகள் 1972 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெம்பில் மூன்று நாள் எழுதித் தள்ளினேன். 64 விதிகள். "மேற்படி பணியாளர் உரிய முன் அனுமதியின்றி பணியிடத்தை விட்டு அகன்றால்" என்கிற நடை. அக்கா மருமகள் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, இது பேக்கரியா, கலெக்டர் ஆபீஸா?"

அவள் சொன்னது சரி. கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு வாரம் விடியற்காலை 4 மணிக்குப் பேக்கரியில் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வயதானவன், தூக்கம் வராதவன் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் டீ கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேசத் தொடங்கினார்கள்.

எழுதி வைத்த சட்டம் ஒன்றுகூட இல்லாத அந்தக் கடையில் சட்டத்துக்குக் குறைவே இல்லை. ட்ரே கருகினால் யார் காசு கொடுப்பது, அட்வான்ஸ் எவ்வளவு வரை கேட்கலாம், மாசி மகத்துக்கு யாருக்கு லீவு, எல்லாவற்றுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பழக்கம் இருந்தது. "வார லீவு உண்டா?" என்று மூன்று பேரைக் கேட்டேன். மாஸ்டர் "மாசத்துக்கு ரெண்டு" என்றார். மாவு பிசையும் பையன் "கேட்டா குடுப்பாரு" என்றான். பாக்கெட் போடும் அம்மா "லீவு எடுத்தா சம்பளம் புடிப்பாங்க" என்றார். முதலாளியைக் கேட்டால், "நான் யாருக்கும் இல்லன்னு சொன்னதே இல்ல மாமா" என்கிறான். நால்வரும் பொய் சொல்லவில்லை.

கையேடு எதற்கு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. ஒரே கேள்விக்கு ஒரே பதில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளிக்கு அன்றைக்கு மனசு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதில் மாறக் கூடாது.

பிறகு சட்டம் பார்த்தேன். இங்கே நான் சொல்வது 2018இல் இருந்த நிலை. அதன்பின் 2019இலும் 2020இலும் பாராளுமன்றம் பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சேர்த்துவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாராவது கையேடு எழுத உட்கார்ந்தால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நிலையாணைகள் எழுதி அதிகாரியிடம் சான்று பெற வேண்டும் என்பது 1946ஆம் வருடச் சட்டம். நம் 14 பேருக்கு அது பொருந்தாது. "அப்போ நமக்குச் சட்டமே இல்லையா மாமா?" என்று முகம் மலர்ந்தான். இல்லை என்று யார் சொன்னது? மின்சார மெஷின் ஓடி 10 பேர் இருந்தாலே தொழிற்சாலைச் சட்டம் 1948 வந்துவிடும். வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னால் வேலைக்கு வைக்கக் கூடாது. நம் கடையில் பாக்கெட் போடும் இரண்டு பெண்களும் 5 மணிக்கே வந்துகொண்டிருந்தார்கள். ஈ.எஸ்.ஐ.யும் 10 பேர் என்றால் உண்டு. உணவைக் கையாளுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். அதன் செலவு முதலாளியுடையது என்று நான் எழுதினேன்.

மாஸ்டர் தினமும் 12 மணி நேரம் நிற்கிறார் என்று நான் சொன்னதும் மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரே விரும்பித்தான் நிக்கிறாரு மாமா. நான் என்ன கட்டிப் போட்டா வெச்சிருக்கேன்?"

அவனுக்கு நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்கு இளவயது. அன்றைக்கு 12 பேர் செத்தார்கள். நம் ஊரில் இன்றும் ஜூலை 30 நினைவு நாள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த வருடம், 1937இல்தான், பிரெஞ்சு ஆட்சி இங்கே எட்டு மணி நேர வேலை என்று ஆணை போட்டது. "அதுக்கு முன்னாடியும் எல்லாரும் விரும்பித்தான்டா நின்னாங்க" என்று அப்பா சொல்வார். வேறு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பதற்கும் விரும்பி நிற்பதற்கும் வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, இரட்டைச் சம்பளம் கொடுப்பதைவிட இன்னொரு ஆளைப் போட்டுக்கொள்வது மலிவு என்று தானே சொன்னான். 14 பேர் 15 பேர் ஆனார்கள். மாஸ்டருக்கு முதலில் இது பிடிக்கவில்லை, தன் இடத்துக்கு ஆள் வைக்கிறார்களோ என்று. அது வேறு கதை.

பணிக்கொடை விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் தர வேண்டும். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். மாஸ்டருக்கு மாதம் 18,000. வந்து 11 வருடம். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். 1,14,000 ரூபாய்க்கு மேல் வந்தது.

"இவ்வளவா! அவரு போகும்போது ஒரு மோதிரம் போடலாம்னு நெனச்சிருந்தேன் மாமா."

"மோதிரம் உன் பிரியம், போடு. இது அவரோட பணம்" என்றேன்.

கடைசியில் அபராதம். அவன் இறக்கிய காகிதத்தில் இல்லாத ஒரு விதியை அவனாகவே எழுதி வைத்திருந்தான். 10 நிமிடம் தாமதம் என்றால் 50 ரூபாய், அரை மணி என்றால் 200, ட்ரே கருகினால் ஒரு நாள் சம்பளம். அப்படித்தான் பிடித்துக்கொண்டும் இருந்தான்.

ஊதியம் வழங்கல் சட்டம் 1936 இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எடுத்துக் காட்டினேன். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் ஒப்புதல் வாங்கி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஆளிடம் விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. ஒரு மாதத்தில் மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 12,000 சம்பளக்காரருக்கு 360 ரூபாய். பதிவேட்டில் எழுத வேண்டும். வசூலான பணம் முதலாளிக்குப் போகாது, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். 2019இல் வந்த ஊதியத் தொகுப்பிலும் இந்த 3 சதவீதம் அப்படியே இருக்கிறது.

"பணம் எனக்கு வராதுன்னா அபராதம் எதுக்கு மாமா?"

"அதத்தான் சட்டமும் உன்னக் கேக்குது."

பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். அங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அவனிடம் கேட்டேன். பிரான்சில் 1978 முதலே தொழிலாளிக்குப் பண அபராதம் போடுவது அடியோடு தடை என்றான். எச்சரிக்கலாம், விசாரிக்கலாம், வேலையை விட்டே கூட அனுப்பலாம். சம்பளத்தில் கை வைக்க முடியாது.

மருமகன் விடவில்லை. "அப்போ லேட்டா வர்றவன என்ன செய்யிறது? தட்டிக் குடுக்கவா?"

அப்போதுதான் நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அவனிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

1978ஆம் வருடம். நான் அப்போது இருந்த ஆபீசில் ஓர் அட்டெண்டர், பாகூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவார். எங்கள் விதிப்படி தாமதத்துக்கு அரை நாள் கேஷுவல் லீவ் வெட்ட வேண்டும். வெட்டி வெட்டி அவருக்கு லீவே இல்லாமல் போயிற்று. பிறகு மெமோ. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் மெமோ அடித்தது நான்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பதிலையும் என்னையே அடித்துத் தரச் சொன்னார். "சார், நீங்களே பாத்து எழுதிடுங்க."

எனக்கு மேஜை நிறைய வேலை. "விளக்கம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை" என்று ஒற்றை வரி அடித்தேன். எல்லோருக்கும் அடிக்கிற வரிதான் அது. ஃபைல் சீக்கிரம் முடியும். "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார். ஒரு வருட இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது.

பல வருடம் கழித்து, அவர் ஓய்வு பெறும் சமயம், காகிதங்கள் சரிபார்க்க அவருடைய மகன் வந்திருந்தான். படித்த பையன். பழைய ஃபைலைப் புரட்டியவன் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் படித்தான். பிறகு தன் அப்பாவிடம் தமிழில் சொன்னான். அவர் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "இருந்துச்சே சார். அந்த பஸ்ஸு டைம் மாத்திட்டான். அதுக்கு முன்ன பஸ்ஸே கிடையாது. நீங்க கேக்கலியே" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. விதியை மீறி நான் எதுவும் செய்யவில்லை. விளக்கம் கேட்டதாகவும் அவர் பதில் சொன்னதாகவும் ஃபைலில் இருக்கிறது. கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது.

இதில் எனக்குக் கூடுதலாக உறுத்துவது என்னவென்றால், வேறு எவனுக்கும் தெரியாவிட்டாலும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் 'ரெக்ளமான் ஆன்தெரியர்', அதாவது பள்ளி விதிமுறைகள், அச்சடித்த தாளில் கொடுப்பார்கள். பெற்றோர் தம் கையால் "லூ எ அப்ரூவே" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "படித்தேன், ஒப்புக்கொண்டேன்" என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களுக்கு எந்தக் காகிதத்திலும் இது வேண்டும்.

என் அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும். பிரெஞ்சு படிக்கத் தெரியாது. எனக்குப் பதினோரு வயது. "லூ எ அப்ரூவே" என்று நானே எழுதிவிடுவேன். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரை மெதுவாக எழுதுவார். ஒரே ஒரு முறை, "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்டார். விளையாடப் போகும் அவசரத்தில், "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்றேன். அடுத்த வருடத்திலிருந்து அவர் கேட்கவில்லை.

பதினேழு, பதினெட்டு வருடம் கழித்து அதையே ஆபீசில் இன்னொருவருக்குச் செய்தேன். அந்தப் பழக்கத்தில்தான் மருமகனும் "யார் படிக்கப் போறாங்க" என்று வந்து நின்றான்.

மருமகன் கேட்டுக்கொண்டே இருந்தான். "சரி மாமா, லேட்டா வந்தா ஏன்னு கேக்கணும்னு எழுதுங்க" என்றான்.

அப்படித்தான் எழுதினேன். தாமதமாக வந்தால் முதலில் காரணம் கேட்க வேண்டும். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுத வேண்டும். தீர்க்க முடிந்த காரணம் என்றால் வேலை நேரத்தை மாற்றித் தரலாம். மாற்றிய பிறகும் மாதத்தில் மூன்று முறை தாமதம் என்றால் எழுத்தில் எச்சரிக்கை. அபராதமே கிடையாது. மருமகன் இதற்கு ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

64 விதிகள் குறைந்து 22 ஆயின. 31 பக்கம் 6 பக்கம் ஆனது. எல்லாம் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ். ஓட்டலுக்காக ஆங்கிலத்தில் ஒரு பிரதி தனியாகச் செய்தேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் கடையை மூன்று மணி நேரம் மூடினோம். எல்லோரும் மேலே பாக்கெட் போடும் அறையில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு விதியாகப் படித்து, "இதுல என்ன சந்தேகம்?" என்று கேட்டேன். முதல் அரை மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தால் யார் பேசுவார்கள்? அதைப் புரிந்துகொண்டு அவனே, "கீழ கடையப் பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போனான். மூடிய கடையில் என்ன பார்ப்பதற்கு இருக்கிறது? ஆனாலும் நல்ல காரியம் செய்தான்.

முதலில் பேசியது பாக்கெட் போடும் அம்மாதான். விடுப்பு வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும் என்று நான் படித்திருந்தேன். பழைய ஆபீஸ் புத்தி.

"அய்யா, மூணு நாளு கழிச்சு புள்ளைக்கு ஜுரம் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்படியே தெரிஞ்சாலும் எழுதத் தெரியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பு சரியில்லாவிட்டால் ஒரு போன் போதும், எழுதுவது கணக்குப் பிள்ளையின் வேலை என்று அங்கேயே மாற்றினோம். அதன்பின் கூட்டம் நிற்கவில்லை. மாஸ்டர், ட்ரே கருகுவதைப் பற்றிச் சொன்னார். ராத்திரி கடைசி நேரத்தில் முதலாளி புது ஆர்டர் சேர்த்தால் ஒரே ஆள் அடுப்பையும் மாவையும் பார்க்க வேண்டியிருக்கிறது, கருகாமல் என்ன செய்யும் என்றார். ராத்திரி 9 மணிக்கு மேல் ஆர்டர் சேர்ப்பதில்லை என்பது விதி 14 ஆனது. அது முதலாளிக்கான விதி. கிறிஸ்துமஸ்தான் பேக்கரிக்கு உழைப்புக் காலம். அந்த நாளில் வேலை செய்கிறவர்கள் ஜனவரியில் தங்களுக்கு வேண்டிய நாளை எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தோம்.

பெண்களுக்கான புகார்க் குழு பற்றிப் படித்தபோது ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். 10 பேர் இருக்கும் எந்த இடத்திலும் அந்தக் குழு வேண்டும் என்பது 2013ஆம் வருடச் சட்டம். மருமகன் தன் பெயரையே தலைவர் என்று எழுதி வைத்திருந்தான். அது கூடாது. மூத்த பெண் பணியாளர்தான் தலைமை, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பாக்கெட் போடும் அம்மாவே தலைவர் ஆனார். தெருக் கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பெண்கள் அமைப்பு ஒன்றில் இருக்கிறவர், வெளி உறுப்பினராக வரச் சம்மதித்தார். கவுன்டரில் நிற்கும் சின்னப் பெண் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் படித்து முடித்ததும், அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. "படித்தேன், ஒப்புக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்தேன். அறுபது வருடப் பழக்கம் போகவில்லை. பெருக்கும் அம்மா தன் முறை வந்ததும் காகிதத்தைப் பார்த்து, "இங்க என்ன எழுதியிருக்கு அய்யா?" என்று கேட்டார். சொன்னேன்.

"நான் எங்க படிச்சேன்? நீங்கதான படிச்சீங்க. நான் கேட்டேன்."

அச்சடித்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, 15 பிரதிகளிலும் "படித்துக் காட்டக் கேட்டேன், புரிந்தது" என்று என் கையால் எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்களும் அதையே போடச் சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் முதலாளியைக் கீழேயிருந்து கூப்பிட்டு முதல் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பிரதி. ஒன்று அடுப்பறைச் சுவரில், மாவு படாத உயரத்தில்.

ஓட்டல்காரர் ஆங்கிலப் பிரதியை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். திறந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் தை மாதம் மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த மாதம் சம்பளம் 9ஆம் தேதி ஆகிவிட்டதாம். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த காகிதத்தில் ஏழாம் விதியை விரலால் தொட்டுக் காட்டினாராம்.

"நீங்க எழுதினது என் மேலயே பாயுது மாமா."

"அவங்க மேல பாயிறதுக்குத்தான் நீ ஏற்கெனவே இருக்கியே. உன் மேல பாய வேற யாரு இருக்கா?" என்றேன். முறைத்தான். டீ குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு 7ஆம் தேதி தவறியதாக நான் கேள்விப்படவில்லை.

பாகூர்க்காரர் இப்போது இல்லை. அவர் மகன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு பிரதி அனுப்பியிருப்பேன். தாமதமாக வருகிறவரிடம் காரணம் கேட்க வேண்டும் என்கிற விதி அதில் ஐந்தாவதாக இருக்கிறது. அவருடைய பெயரை அதில் எழுத முடியாது. ஆனால் அது அவர் சொல்லித் தந்த விதிதான்.